புள்ளி வைக்காத ‘இருக்கட்டும்’

பல்கலைக்கழகத்தில் அவருக்கு இரண்டு பெயர். முகத்துக்கு நேரே ‘தலைவர் சார்’. முதுகுக்குப் பின்னால் ‘எட்டாவது’. ஆட்சிக்குழுவுக்கு வந்த தலைவர்களில் அவர் ஐந்தாவது ஆள்தான். எட்டாவது என்பது அவர் படித்த வகுப்பு. அந்தப் பெயரை அவருக்கு வேறு யாரும் வைக்கவில்லை, அவரே வைத்துக்கொண்டார். எந்த மேடையில் ஏறினாலும் தொண்டையைச் செருமிக்கொண்டு அதைத்தான் முதலில் சொல்வார்.

“நான் எட்டாவது. எதிர்ல உக்காந்திருக்கற நீங்க எல்லாரும் டாக்டர். ஆனா உங்க லீவு லெட்டர்ல கையெழுத்து போடறது யாரு?”

கைதட்டல் விழும். சும்மா விழாது, சிரிப்போடு விழும்.

பெருமைப்பட்டுக்கொள்ள அவருக்கு உரிமை இருந்தது. பதினேழு வயதில் அரசு அலுவலகம் ஒன்றின் ஆவண அறையில் அட்டெண்டராகச் சேர்ந்தவர். ஜன்னலே இல்லாத அறை. கூரை முட்டும் இரும்பு அடுக்குகள், நடுவில் ஒரு மரஏணி. மூன்று வருஷத்துக்குள் எந்த ஃபைல் எந்த அடுக்கில் இருக்கிறதென்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். பதினோரு அதிகாரிகள் வந்தார்கள், போனார்கள். பதினோரு பேரும் முதல் வாரத்திலேயே கேட்டது, “அந்த ஏணிக்காரன் எங்கே?” என்பதைத்தான். பத்தொன்பது வருஷத்தில் ஏணியை விட்டிறங்கி ஆவண எழுத்தரானார். அத்தனை வருஷத்தில் ஒரு தாள் தொலைந்ததில்லை.

அங்கேதான் அவர் அந்தச் சொல்லைக் கற்றார். முடிவெடுக்கப் பயப்படும் அதிகாரி ஃபைலின் ஓரத்தில் ‘இருக்கட்டும்’ என்று எழுதி, கீழே சின்னதாக ஒரு சுழி போடுவார். அப்படி எழுதிவிட்டால் அந்த ஃபைலுக்கு உயிரும் இல்லை, சாவும் இல்லை. மூன்றாவது அடுக்கின் கீழ்த்தட்டுக்குப் போய்விடும். கொண்டுபோய் வைத்ததெல்லாம் அவர் கைதான்.

அலுவலகத்துக்கு அச்சாகி வரும் படிவங்களில் பிழைகள் மொய்க்கும். ‘தந்தை பெயர்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘தந்தை பயிர்’ என்று வந்திருக்கும். அவர் பென்சிலால் திருத்தி அனுப்புவார். ஒருநாள் அச்சகக்காரர் நேரிலேயே வந்துவிட்டார். “ஏங்க, திருத்தறதுக்குப் பதிலா நீங்களே அடிச்சுக் குடுங்களேன்!” என்று எரிச்சலில் சொன்னார். அதையும் செய்து காட்டினார். முப்பத்தாறு வயதில் அரசு வேலையை விட்டார். ஊரே பைத்தியம் என்றது. மனைவி மட்டும், “சரி, அப்ப நாளையிலிருந்து எத்தனை மணிக்கு எழுப்பணும்?” என்று கேட்டாள். அவ்வளவுதான் அவள் கேட்டது.

ஒரு கார்ஷெட்டை வாடகைக்கு எடுத்தார். முதலில் படிவங்கள், அப்புறம் பள்ளிப் பயிற்சி நூல்கள், கடைசியில் ஒரு கையடக்க அகராதி. எட்டாவது படித்தவன் அகராதி போடுகிறானாம் என்று படித்தவர்கள் சிரித்தார்கள். ஆறாம் பதிப்பு வந்தபோது அதே ஆட்களின் மேசை மேல் அந்த அகராதிதான் கிடந்தது.

ஆனால் அந்த அகராதியில் பிழையில்லாமல் போனதற்குக் காரணம் அவர் இல்லை, அவருடைய தங்கை. ஒன்பது வயது இளையவள். வீட்டில் ‘பாப்பா’ என்றழைக்கப்பட்டு, ஐம்பத்தேழு வயதிலும் பாப்பாவாகவே நின்றுவிட்டவள். அவர் எட்டாவதோடு நின்றதால்தான் அவள் முதுகலைத் தமிழ் வரை போனாள். இதையும் அவர் மேடையில் சொல்வார். படித்திருந்தவள் அண்ணனுடைய கார்ஷெட்டுக்கு வந்து மெய்ப்புத் திருத்தும் மேசையில் உட்கார்ந்தாள். அச்சுக்கோப்பவர்கள், வயதில் பெரியவர்கள்கூட, ‘பாப்பா அக்கா’ என்று பயந்துதான் பேசினார்கள்.

அவளிடம் ஒரு விதி உண்டு. அடித்துவிட்ட சொல் சரியென்று பிறகு தோன்றினால், அதை அழிக்கக் கூடாது, மேலே மறுபடி எழுதவும் கூடாது. அடித்த சொல்லின் கீழே வரிசையாகப் புள்ளி வைக்க வேண்டும். ஓரத்தில் ‘இருக்கட்டும்’ என்று எழுத வேண்டும். அடித்தது போய், சொல் பிழைத்துக்கொள்ளும்.

“அண்ணா, உங்களுக்குத்தான் சொல்றேன். புள்ளி இல்லாம வெறும் இருக்கட்டும்னு எழுதினா அது குறியே இல்ல. நீங்க யார்கிட்டயோ பேசிட்டிருக்கீங்கன்னு நினைச்சுட்டு அச்சுக் கோக்கறவன் பாட்டுக்கு எடுத்துருவான்.”

“நீ இருக்கேல்ல, வெச்சுக்கோ.”

இருபத்தைந்து வருஷம் அப்படித்தான் நடந்தது. அவர் எழுதுவார், புள்ளி வைக்க மறப்பார். அவள் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்து புள்ளி வைப்பாள்.

அகராதியைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. அரசு அவரை ஆட்சிக்குழு உறுப்பினராக நியமித்தது. அச்சகத்தைக் கைமாற்றிவிட்டு உள்ளே வந்தார். மூன்று வருஷம் கழித்துத் தலைவர் நாற்காலி. பாப்பா தேர்வெழுதி அதே பல்கலைக்கழகப் பதிப்புப் பிரிவில் தற்காலிகப் பணியாளராகச் சேர்ந்தாள். அண்ணன் சிபாரிசு என்று யாராவது இழுத்தால் அவர் விடமாட்டார். “நான் சிபாரிசு பண்ணியிருந்தா அவ இன்னும் தற்காலிகமா இருப்பாளா?” என்று கேட்டு வாயை அடைப்பார்.

அப்போதுதான் மனைவி போனாள்.

நான்கு நாள் மருத்துவமனை. நாலாம் நாள் சாயங்காலம் கட்டிலருகே நின்று, “நான் வீட்டுக்குப் போய்ட்டு காலையில வரட்டுமா?” என்று கேட்டார். அவள் கண்ணைத் திறக்காமல், “இருக்கட்டும்” என்றாள். அவர் போய்விட்டார். காலையில் அவர் வரும்போது கட்டிலில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

அழுகை வரவில்லை. வரும் வரும் என்று அவரும் காத்திருந்து பார்த்தார், வரவில்லை. கால் மரத்துப்போனால் தரையில் வைக்கும்போது தரையே தெரியாதல்லவா, அப்படி இருந்தது. பதினாறு நாளில் அலுவலகத்துக்குத் திரும்பினார். துணைவேந்தர் ஓய்வுபெற்றுப் போய், அடுத்தவர் இன்னும் நியமிக்கப்படாத சமயம். ஃபைல்கள் எல்லாம் அவர் மேசைக்கே வந்தன. கையெழுத்து போட்டார். யாராவது, “சார், ஏ.சி.யைக் குறைக்கட்டுமா?” என்றால், “இருக்கட்டும்” என்பார். “சார், கார் வாசல்ல நிக்குது” என்றாலும் “இருக்கட்டும்”தான். சொல் தன்பாட்டுக்கு வாயில் வந்து விழுந்தது.

மதியச் சாப்பாட்டைப் பாப்பாதான் கொண்டுவருவாள். இரண்டு மாடி கீழே பதிப்புப் பிரிவு. ஒரு மணிக்கு டப்பாவோடு மேலே வருவாள், திறந்து வைப்பாள், அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை நாற்காலியில் உட்கார்ந்து பழைய செய்தித்தாளில் பிழை தேடுவாள். பேச்சு அதிகம் இருக்காது.

அந்தச் சமயத்தில்தான் பதிவாளர் ஒரு பட்டியலைக் கொண்டுவந்தார். தற்காலிகப் பணியாளர்கள் இருபத்து மூன்று பேர். ஆட்குறைப்பு. ஒன்பது பெயர்கள் மேல் சிவப்புக் கோடு. பதினேழாவது பெயர் பாப்பாவுடையது.

“விதிப்படி வரிசை சார். எனக்கு வேற வழியில்ல. உங்க கருத்தை ஓரத்துல எழுதிட்டீங்கன்னா போதும்.”

எட்டுப் பெயருக்கு எதிரே ‘சரி’ என்று எழுதினார். பதினேழாவதில் பேனா நின்றது. இந்த ஒன்றை எடுக்கக் கூடாது என்று தோன்றியது, அது மட்டும் தெளிவாகத் தோன்றியது. ஓரத்தில் ‘இருக்கட்டும்’ என்று எழுதினார். கையெழுத்து போட்டார். ஃபைலை மூடித் தள்ளினார். வெளியே யாரோ தரை துடைத்த ஈரத்தில் செருப்பு வழுக்கும் சத்தம் கேட்டது. அதையே கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த வாரம் எல்லோரும் அவரைப் பார்த்த பார்வையே மாறியது. வராந்தாவில் பேராசிரியர்கள் நின்று வணங்கினார்கள். நூலக விழா ஒன்றில் வரவேற்புரை சொன்னவர் குரல் தழுதழுக்க, “சொந்தம் பந்தம் பாக்காத மனுஷர். இந்தக் காலத்துல இப்படி ஒருத்தரைக் காட்ட முடியுமா?” என்றார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அவருக்கு எதற்கென்று புரியவில்லை. புரிய வேண்டும் என்றும் தோன்றவில்லை. ஒலிவாங்கியைப் பிடித்ததும் வாய் வழக்கம்போல் ஓடியது.

“நான் எட்டாவது. ஆனா ஒண்ணு சொல்றேன், எழுதி வெச்சுக்குங்க. தப்புன்னா என் வீட்டு ஆளா இருந்தாலும் விடமாட்டேன். நான் எப்பவுமே அப்படித்தான்!”

கைதட்டல் ஓயவே இல்லை.

பட்டியலில் கையெழுத்து போட்ட பன்னிரண்டாம் நாள் மதியம் டப்பா வர ஒன்றேமுக்கால் ஆனது. டிரைவர் கொண்டுவந்து வைத்தார். அவருக்குப் பதினைந்து வருஷமாகக் கார் ஓட்டுகிறவர், அவரைவிடப் பேச்சு குறைந்தவர்.

“ஏன்ப்பா இவ்வளவு நேரம்?”

“ட்ராஃபிக் சார். பாப்பா அம்மா வீட்டுக்குப் போய்ட்டு வரணும்ல.”

“எதுக்கு வீட்டுக்கு? பாப்பா கீழதானே இருக்கா?”

டிரைவர் டப்பாவின் மூடியைப் பார்த்தார். அப்புறம் அவரைப் பார்த்தார்.

“சார்... பன்னண்டு நாளா நான்தான் சார் கொண்டுவரேன். நீங்க கவனிக்கலையா?”

அவர் கவனிக்கவில்லை. டப்பா வந்தது, திறந்தது, சாப்பிட்டார். எதிர் நாற்காலியில் யாரும் இல்லை என்பது கண்ணில் பட்டது, மண்டைக்குள் போகவில்லை.

பதிவாளரை அழைத்தார். கூடவே அந்த உத்தரவைத் தட்டச்சு செய்த பிரிவு எழுத்தர் அம்மாவும் வந்தாள். நாற்பது வயதிருக்கும், கையில் அந்தப் பட்டியல்.

“இதுல நான் என்ன எழுதியிருக்கேன்?”

“இருக்கட்டும்னு சார்.”

“அப்புறம் எதுக்கு எடுத்தீங்க?”

“சார், சிவப்புக் கோடு போட்டிருந்துச்சு. நீங்க அதுக்குப் பக்கத்துல இருக்கட்டும்னு... அதாவது, என் தங்கச்சியா இருந்தாலும் பரவாயில்ல, கோடு இருக்கட்டும்னு எழுதினீங்கன்னுதான் சார் நாங்க எல்லாரும்...”

பதிவாளர் எழுத்தரை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். “சார், சின்ன விஷயம். எழுத்தர் தப்பாப் படிச்சுட்டாங்கன்னு ஒரு மெமோ. உத்தரவு ரத்து. அதோட முடிஞ்சுது.”

“அந்தம்மாவுக்கு?”

“ஒரு கண்டிப்பு. பெருசா ஒண்ணும் ஆகாது சார். இல்லேன்னா சார், யோசிச்சுப் பாருங்க. ஊரே உங்களைக் கொண்டாடிட்டிருக்கு. இப்ப போய் ஐயோ, நான் என் தங்கச்சியைக் காப்பாத்தத்தான் எழுதினேன்னு நீங்களே சொன்னா...”

“நான் புள்ளி வெச்சேன்.”

“என்ன சார்?”

“ஒண்ணுமில்ல. பட்டியலைக் குடுங்க.”

மூன்று மணிக்கு அவர் பாப்பா வீட்டில் இருந்தார். மூன்றாம் மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. கதவைத் திறந்தவள் கையில் மாவு ஒட்டியிருந்தது. ஆச்சரியப்படவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

“சாப்பாடு வந்துச்சா?”

“வந்துச்சு.”

“உப்பு?”

“தெரியல.”

“தெரியாதுதான்.” கை கழுவப் போனாள். உள்ளிருந்தே சொன்னாள். “விழால பேசினதைக் கேள்விப்பட்டேன். எழுதி வெச்சுக்குங்கன்னீங்களாமே. எழுதி வெச்சுட்டேன்.”

அவர் பட்டியலைச் சாப்பாட்டு மேசையில் விரித்தார். “பாப்பா, நான் உன்னை எடுக்கச் சொல்லல. ப்ரூஃப் குறிதான் போட்டேன். உன் குறி. புள்ளி வெச்சு இருக்கட்டும்னு.”

அவள் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். தாளை ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தாள். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தாள். இருபத்தைந்து வருஷம் எப்படிப் பார்த்தாளோ அப்படியே, முகத்தில் ஒன்றும் இல்லாமல் பார்த்தாள்.

“புள்ளி எங்க?”

“வெச்சேன்.”

“வெக்கல அண்ணா.”

அவர் வாங்கிப் பார்த்தார். கோடு இருந்தது. ஓரத்தில் சொல் இருந்தது. கையெழுத்து இருந்தது. கோட்டுக்குக் கீழே வெறும் வெள்ளைத் தாள்.

“நானா இருந்தாலும் எடுத்திருப்பேன்” என்றாள் பாப்பா. “அந்த எழுத்தரம்மா சரியாத்தான் பண்ணியிருக்கு.”

கீழே ஒரு பள்ளி வாகனம் ஹாரன் அடித்தது.

“அப்ப நீ நினைச்சது...”

“என்னை அடிச்சுட்டு பேர் வாங்கிட்டீங்கன்னுதான் நினைச்சேன். வேற என்ன நினைப்பாங்க?”

“அப்புறம் எதுக்குடி தினமும் சாப்பாடு அனுப்பினே?”

“வேலை போச்சுன்னா அண்ணனுக்குப் பசிக்காதா?” அவள் கண்ணாடியைக் கழற்றினாள். “பன்னண்டு நாளா ஒரு வார்த்தை கேப்பீங்கன்னு பார்த்தேன்.”

அவர் அப்போதுதான் மருத்துவமனைச் சாயங்காலத்தை அவளிடம் சொன்னார். யாரிடமும் சொன்னதில்லை. பட்டியலைப் படிக்கிற குரலிலேயே சொன்னார்.

“போகட்டுமான்னு கேட்டேன். இருக்கட்டும்னா. போகறது இருக்கட்டும், நீங்க இங்கயே இருங்கன்னு சொன்னாளா, பரவாயில்ல, போய்ட்டு வாங்கன்னு சொன்னாளா? உனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே. சொல்லு.”

பாப்பா நெடுநேரம் யோசித்தாள். “தெரியல அண்ணா” என்றாள்.

அவர் தலையாட்டினார். மார்பில் ஏதாவது நடக்குமா என்று பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

வெள்ளிக்கிழமை ஆட்சிக்குழுக் கூட்டம். நீள மேசை, பதினான்கு பேர், பதினான்கு தண்ணீர் பாட்டில். அவர் எழுந்து நின்றார். இந்தத் தடவை எட்டாவது என்று ஆரம்பிக்கவில்லை.

“பதினேழாவது பேர் என் தங்கச்சி. அவளை வெச்சுக்கணும்னு நினைச்சுத்தான் எழுதினேன். அச்சகத்துல போடற குறியைப் போட்டேன். அதையும் அரைகுறையாப் போட்டேன். பத்தொன்பது வருஷம் கவர்மெண்ட் ஃபைல் தூக்கினவன் நான். ஃபைல்ல இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு என்னைவிட இங்க யாருக்கும் தெரியாது. எந்த நாற்காலியில உக்காந்திருக்கேன்னு மறந்துட்டேன். எழுத்தர் மேல தப்பில்ல. நேர்மைன்னு என்னைப் பாராட்டினீங்க, அது எனக்குச் சேராது. என் சொந்தக்காரி விஷயம், அதனால நான் வெளிய போறேன். நீங்க முடிவு பண்ணுங்க.”

வெளியே வராந்தாப் பெஞ்சில் உட்கார்ந்தார். உள்ளே முதலில் ஒரே அமைதி, அப்புறம் ஒரே சத்தம். “பாசம் வந்ததும் நேர்மை பறந்துடுச்சு பாருங்க” என்று ஒரு குரல் கதவிடுக்கில் தெளிவாகவே கேட்டது. அவர் அசையவில்லை. இருபது நிமிஷம் ஆயிற்று.

அவளைக் காப்பாற்றியது அண்ணன் இல்லை. பதிப்புப் பிரிவின் தலைவர் கூட்டத்தில் ஓர் அழைப்பிதழை எடுத்து மேசை மேல் வைத்திருக்கிறார். பாப்பா இல்லாத பன்னிரண்டு நாளில் அச்சானது, இரண்டாயிரம் பிரதி. அதன் தலைப்பில் பெரிய எழுத்தில் ‘பட்டமழிப்பு விழா’ என்று இருந்தது. அதற்குமேல் யாரும் வாதம் செய்யவில்லை. பதினேழாவது பெயரின் உத்தரவு ரத்து. மற்ற எட்டு உத்தரவும் அப்படியே நின்றன. அந்த எட்டுப் பெயரில் ஒன்றைக்கூட அவர் சரியாகப் படித்திருக்கவில்லை. அது கார் கிளம்பிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

அடுத்த வாரத்திலிருந்து வராந்தாவில் வணக்கங்கள் குறைந்தன. ‘எட்டாவது’ போய் ‘தங்கச்சி தலைவர்’ என்று புதுப் பெயர் வந்துவிட்டதாக டிரைவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவர் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

திங்கட்கிழமை ஒரு மணிக்குப் பாப்பா டப்பாவோடு மேலே வந்தாள். மற்றொரு கையில் அச்சுக்குப் போகவேண்டிய கூட்ட நடவடிக்கைக் குறிப்பு. பதிவாளர் எழுதிய வரைவில் ‘தலைவரின் பிழையால்’ என்று இருந்ததை நல்லெண்ணம் கொண்ட யாரோ ஓர் உறுப்பினர் அடித்துவிட்டு, மேலே ‘அலுவலகப் பிழையால்’ என்று எழுதியிருந்தார். காலையில் கையெழுத்துக்கு வந்தபோது தலைவர் மேலே எழுதியிருந்ததை அடித்தார். முன்பு அடிக்கப்பட்டிருந்ததன் கீழே புள்ளி புள்ளியாக வைத்தார். ஓரத்தில் ‘இருக்கட்டும்’ என்று எழுதினார்.

பாப்பா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து அந்த வரியையே பார்த்தாள்.

“என்ன இது, கோலம் போட்டு வெச்சிருக்கீங்க? ரெண்டு சொல்லுக்கு இருபத்தாறு புள்ளி. நாலஞ்சு போதுமே.”

“அழிச்சுடு, வேணும்னா.”

அவள் சிவப்புப் பேனாவைத் திறந்தாள். மூடினாள். தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“சாப்பிடுங்க, ஆறுது.”

அவர் சாப்பிட ஆரம்பித்தார். நாலாவது வாயில் நிறுத்தி, “உப்பு கொஞ்சம் கம்மி” என்றார்.

பாப்பா நிமிர்ந்து பார்த்தாள். பழைய செய்தித்தாளை எடுத்துப் பிழை தேடத் தொடங்கினாள்.